லேசர் வெட்டும் வினைல் வெட்டும்

கணினியில் வரைந்த கோட்டின்படி தட்டையான பொருளை வெட்டும் இரு முறைகள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998-இல் தொடங்கிய பாடத்திலிருந்து வளர்ந்த ஃபேப் லேப் எனும் செய்முறைக் கூடங்களின் பயிற்சிகளில் இவை தொடக்கப் பாடங்கள்.

பயிற்சிக் கூடங்களில் பெரும்பாலும் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். மகாராஷ்டிரத்தில் பிறந்த குமார் படேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கினார். இதன் 10.6 மைக்ரோமீட்டர் கதிரை மரம், அட்டை, அக்ரிலிக் ஆகியவை நன்கு உறிஞ்சும். பளபளக்கும் உலோகம் திருப்பிவிடும்.

கற்பவருக்கு முதலில் பிடிபட வேண்டியது வெட்டின் அகலம். கதிர் சென்ற வழியில் பொருள் ஆவியாகி, பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி விழும். பசையின்றிச் செருகும் துண்டுகள் இறுகுவதும் கழல்வதும் இதைப் பொறுத்தே. ஒரு சட்டத்துக்குள் பல துண்டுகளை வரிசையாக வெட்டி, ஒருபுறமாக நெருக்கி, மிஞ்சும் இடைவெளியை வெட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அகலம் கிடைக்கும். பொருளோ தடிமனோ மாறினால் மீண்டும் அளப்பதே சரி. அடுத்தவர் குறித்த எண் உதவாது.

வினைல் இயந்திரத்தில் வெட்டுவது சிறு கத்தி. ஒட்டும் வினைல் மேல்தாள் அறுபட்டு அடித்தாள் தப்பும் அளவுக்கே அது இறங்க வேண்டும். வேண்டாத பகுதியை இடுக்கியால் உரித்து, எஞ்சியதை ஒட்டுத்தாளால் பெயர்த்து ஒட்டுவர். செப்புத் தகட்டுத்தாளை வெட்டி மின்சுற்றும் செய்யலாம்.

வினைலை லேசரில் வைக்கவே கூடாது. அதிலுள்ள பிவிசி என்னும் நெகிழி எரிந்து வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைத் தாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.