மரபின் உரிமையாளர் யார்? 'கந்தன் கருணை' எழுப்பும் வினா

ஒரு கதைமரபிலே எது மாறலாம், எது மாறலாகாது என வரையறுக்கும் உரிமை யாருக்குண்டு? அமெரிக்க விண்வெளிக் கதைத்தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கின் கிளிங்கன்கள் 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மேடுபட்ட நெற்றியுடன் தோன்றியபோது, எவ்வுருவம் மெய்யானது என இரசிகர் வாதிட்டனர். அங்கு இறுதித் தீர்ப்பு, கதையைச் சொத்தாக உடைய நிறுவனத்தினுடையது.

நமது கூத்துக்கு அத்தகைய உடைமையாளர் இல்லை. எனினும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, இது கூத்துத்தானா என்னும் வினா எழுந்தது.

நெல்லியடி அம்பலத்தாடிகள் அவ்வினாவை உருவத்திலிருந்து உள்ளடக்கத்துக்கு நகர்த்தினர். மாவிட்டபுரத்தில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அவர்கள் காத்தவராயன் கூத்துப் பாணியிலே மேடையேற்றினர். மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த அக்கூத்திலே, ஆரியமாலையை விரும்பிச் சாதியெல்லையை மீறிய காத்தவராயன் கழுமரம் ஏறுகின்றான். அதே பாணி இங்கு கோயிற் கதவைத் திறக்கக் கோரும் மக்களின் குரலாயிற்று.

மரபு சிதைந்தது என வருந்துவோர் எதனைக் காக்க விழைகின்றனர் என்பதை நாம் நோக்குதல் வேண்டும். மெட்டு சிதையவில்லை, ஆட்டம் சிதையவில்லை. மீறியவன் கழுவேற வேண்டும் என்னும் நியதியே சிதைந்தது. அந்நியதியை விதித்தது சாதியமைப்பு. கூத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்த மக்களே அதனைத் திருத்தவும் உரியவராவர்.