'தூய எரிபொருள்' எதைவிடத் தூயது? தில்லிப் பேருந்துகளின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

மின்சார வாகனம், எத்தனால் கலந்த பெட்ரோல், ஹைட்ரஜன் என எதிர்கால எரிபொருள்களைப் பற்றிய விவாதங்களில் 'தூய', 'பசுமை' ஆகிய அடைமொழிகள் தாராளமாகப் புழங்குகின்றன. இவற்றின் பொருளை வரையறுப்பவர் யார் என்பது மொழியியலாருக்கு மட்டுமே உரிய கேள்வி அன்று. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்னர், 'தூய எரிபொருள்' என்பதன் பொருள் என்ன என்று உச்ச நீதிமன்றமே கேட்க நேர்ந்தது. தில்லியின் பேருந்துகளும் ஆட்டோக்களும் எதில் ஓடும் என்பது அந்த விடையைப் பொறுத்திருந்தது.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தில்லியின் காற்று மாசு குறித்து 1985இல் தொடுத்த பொதுநல வழக்கே இதன் தொடக்கம். 1998 சனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஏற்று, 1998 சூலை 28 அன்று நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாற வேண்டும். 1990க்கு முந்தைய ஆட்டோக்களுக்கும் டாக்சிகளுக்கும் மாற்றாகத் 'தூய எரிபொருளில்' இயங்கும் புதிய வண்டிகள் வர வேண்டும். எரிவாயு நிரப்பும் நிலையங்கள் 9இலிருந்து 80ஆகப் பெருக வேண்டும்.

இவ்வாணையின் சொல்லாட்சி கவனிக்கத்தக்கது. பேருந்துக்கு எரிபொருளின் பெயரே சுட்டப்படுகிறது. ஆட்டோவுக்கு ஒரு பண்பு மட்டும் கூறப்படுகிறது. முன்னது ஒரு பொருளைக் குறிக்கும் பெயர். பின்னது ஒப்பீட்டை உள்ளடக்கிய அடை. எதைவிடத் தூயது, எந்த அளவுக்குத் தூயது என்பவை சொல்லப்படவில்லை. பின்னாளில் எழுந்த வழக்காடலின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது.

கெடு நெருங்கியபோது போதிய பேருந்துகளும் இல்லை, எரிவாயு நிலையங்களும் இல்லை. 2001 ஏப்ரல் தொடக்கத்தில் பேருந்துகளின்றிப் பயணிகள் தவித்தனர். எரிவாயு நிலையங்களின் முன் ஆட்டோக்கள் நெடுநேரம் வரிசையில் நின்றன. இந்நிலையில்தான், கந்தகம் குறைந்த டீசலையும் தூய எரிபொருளாகக் கருதலாமே என்ற வாதம் வலுப்பெற்றது. 2001 மார்ச் 26 அன்று நீதிமன்றம் இக்கேள்வியைப் பூரே லால் குழுவிடமே ஒப்படைத்திருந்தது. அவ்வாறு கருத இயலாது என்பதே குழுவின் விடை.

எதிர்த்தரப்பு வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. 2001 செப்டம்பரில் மத்திய அரசு அமைத்த மஷேல்கர் குழு, அரசு உமிழ்வு வரம்புகளை மட்டும் விதிக்க வேண்டும், எந்த எரிபொருளால் அவ்வரம்பை எட்டுவது என்பதை உற்பத்தியாளரிடம் விட்டுவிட வேண்டும் என்றது. கோட்பாட்டளவில் இது செம்மையான நிலைப்பாடு. ஆனால் அன்றைய தில்லியில் நிலவரம் வேறு. மானிய விலை மண்ணெண்ணெய் டீசலில் கலக்கப்பட்டு வந்தது. வாகனப் புகைச் சோதனையோ பெயரளவில் நடந்தது. அனில் அகர்வால் நிறுவிய அறிவியல் சுற்றுச்சூழல் மையம் இக்குறைகளையே தன் வாதத்தின் அடித்தளமாக்கியது. குழாய்வழி வரும் வாயுவில் மண்ணெண்ணெய் கலக்க முடியாது. ஆகவே அங்கே 'தூய' என்ற சொல் எரிபொருளின் வேதியியலை மட்டும் குறிக்கவில்லை. கலப்படத்திற்கு இடங்கொடாமையையும் குறித்தது.

2002 ஏப்ரல் 5 அன்று வந்த தீர்ப்பு இத்தரப்பையே ஏற்றது. டீசல் பேருந்துகளுக்கு முதல் 30 நாட்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், அதன்பின் 1,000 ரூபாயும் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் தில்லியின் நகரப் பேருந்துகள் எரிவாயுவுக்கு மாறிவிட்டன.

இவ்வளவில் இதனை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். பெரும்பாலும் அவ்வாறே எழுதப்படுகிறது. ஆனால் இம்மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் கதையின் மறுபக்கம் புலப்படும். தில்லியில் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு 1997 டிசம்பரிலேயே நீதிமன்றம் உச்சவரம்பு விதித்திருந்தது. உரிமம் அரிதாகவே, அதன் கள்ளச்சந்தை விலை ஏறியது. பழைய வண்டியைக் கைவிட்டுப் புதியது வாங்க வேண்டிய ஓட்டுநர் பலர் தனியார் நிதியாளரிடம் கடன்பட்டனர். அவ்வரம்பு ஒரு இலட்சமாக உயர்த்தப்பட்டது 2011இல்தான். தனியார் கார்களுக்கோ அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. அவை புதிய உமிழ்வு விதிகளுக்கு உட்பட்டால் போதும். எரிபொருளை மாற்ற வேண்டியதில்லை. டீசல் விலை செயற்கையாகத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த அடுத்த பத்தாண்டில், பேருந்திலிருந்து விலக்கப்பட்ட அதே டீசல் தனியார் கார்களின் வழியே சாலைக்குத் திரும்பியது. எரிபொருள் சிக்கனம் என்ற பெயரில் விற்கப்பட்ட அந்தக் கார்களில், 2,000 சி.சி.க்கு மேற்பட்டவற்றின் புதிய பதிவை 2015 டிசம்பரில் நீதிமன்றமே சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

மஷேல்கர் குழு முன்வைத்த வரம்பு நெறியும் தோற்றுவிடவில்லை. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. 2001இல் தில்லியில் கிடைத்த 'கந்தகம் குறைந்த' டீசலில் அது 500 பங்கு. ஒரே அடைமொழி, அளவிலோ ஐம்பது மடங்கு வேறுபாடு. எனவே அன்றைய நீதிமன்றத்தின் தேர்வை, சரியான எரிபொருளைக் கண்டறிந்த செயல் என்பதைவிட, கண்காணிக்க இயலாத ஓர் அரசமைப்பில் கண்காணிக்கத்தக்க ஒன்றைத் தேர்ந்த செயல் என்று விளக்குவதே பொருந்தும்.

இன்று மின்வாகனத்தைச் 'சுழிய உமிழ்வு' வாகனம் என்கிறோம். அதன் வாலில் புகைக்குழாய் இல்லை என்பது உண்மை. அதற்கு மின்னூட்டும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதும் உண்மை. எத்தனாலைப் 'பசுமை எரிபொருள்' என்கிறோம். கரும்பு குடிக்கும் நீர் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. இவை மின்வாகனத்திற்கோ எத்தனாலுக்கோ எதிரான வாதங்கள் அல்ல. நகரத் தெருவில் புகை குறைவது சிறிய நன்மையன்று. தில்லியின் பேருந்து நிறுத்தங்களில் நின்றவர்கள் அதை அறிவார்கள்.

எரிபொருள் மாற்றங்களை ஆராயும் நண்பர்கள் ஒவ்வோர் அடைமொழியிடமும் மூன்று வினாக்களை எழுப்பலாம். எதனோடு ஒப்பிட்டு? எந்த இடத்தில் அளந்து? யாருடைய செலவில்? தில்லி வழக்கில் முதல் வினாவை நீதிமன்றம் கேட்டது. இரண்டாவதை வல்லுநர்கள் கேட்டார்கள். மூன்றாவதை உரத்துக் கேட்டவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள். எதிர்காலத்தைப் பற்றிய நம் ஆய்வுகளில் இன்னும் மிகக் குறைவாகக் கேட்கப்படுவது அந்த மூன்றாம் வினாவே.