நியூயார்க் மாரத்தானை வளர்த்த சாலை

1970 செப்டம்பர் 13 அன்று முதல் நியூயார்க் நகர மாரத்தான் சென்ட்ரல் பார்க்குக்கு உள்ளேயே நடந்து முடிந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். புறப்பட்டவர்கள் 127 பேர், ஓடி முடித்தவர்கள் 55 பேர். முதலிடம் பிடித்தவர் கேரி முர்க்கி என்ற தீயணைப்பு வீரர். பூங்காவின் உட்சாலையையே திரும்பத் திரும்பச் சுற்றிவந்த அந்தப் பந்தயத்தைப் பார்க்க வந்த கூட்டமும் சொற்பம்தான். அதே மாரத்தானில் 2024இல் 55,000க்கும் அதிகமானோர் இறுதிக்கோட்டைத் தாண்டினார்கள். இந்த வளர்ச்சிக்குப் பரிசுப்பணம், தொலைக்காட்சி, நட்சத்திர ஓட்டக்காரர்கள் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அவை எல்லாம் வந்து சேர வழிவிட்டது, 1976இல் ஓட்டத்தைப் பூங்காவிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த முடிவு. அந்த மாரத்தானை வளர்த்தது அதன் பாதைதான்.

அந்த முடிவு எடுக்கப்பட்ட காலம் நல்ல காலமல்ல. 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்து, காவலர்களையும் தீயணைப்பு வீரர்களையும் வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அமெரிக்கா விடுதலை பெற்ற 200ஆம் ஆண்டு. அதையொட்டி, நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளையும் ஓட்டத்தில் சேர்க்கலாம் என்ற யோசனையை ஜார்ஜ் ஸ்பிட்ஸ் என்ற ஓட்டக்காரர் கொண்டுவந்தார். மன்ஹாட்டன் பகுதியின் தலைவர் பெர்சி சட்டன் அதை ஏற்றுத் துணைநின்றார். ருமேனியாவிலிருந்து வந்து ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்த, மாரத்தானின் அமைப்பாளர் ஃபிரெட் லெபோ முதலில் தயங்கினார். செலவுக்குப் பணம் வேண்டும், சாலைகளை மூடக் காவல்துறை இசைய வேண்டும். நிலம், கட்டடத் தொழிலில் இருந்த ருடின் குடும்பம் 25,000 டாலர் கொடுத்தது. ஓட்டம் ஸ்டேட்டன் தீவில் புறப்பட்டு, புரூக்ளின், குயின்ஸ், மன்ஹாட்டன், பிராங்ஸ் வழியாகச் சென்று, மறுபடி மன்ஹாட்டனுக்கு வந்து சென்ட்ரல் பார்க்கில் முடிந்தது. ஐந்து பகுதிகளையும் தொட இன்றைய ஓட்டக்காரரும் ஐந்து பாலங்களைக் கடக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதுமே ஓடத் தொடங்கியிருந்தது, பூங்காவிலேயே இருந்திருந்தாலும் இந்த மாரத்தான் வளர்ந்திருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றபின் அமெரிக்காவில் ஓட்டமோகம் பரவியது உண்மைதான். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 1975இலும், பூங்காவில் ஓடியவர்கள் சில நூறு பேர்தான். பாதை மாறிய 1976இலேயே புறப்பட்டவர்களின் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியது. மோகம் ஓட்டக்காரர்களைத் தரும்; வீட்டு வாசலில் நின்று கைதட்டும் மக்களைத் தராது. புரூக்ளினின் நான்காம் அவென்யூவில் குடியிருப்பவர் பந்தயத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, அது அவர் வாசலைக் கடந்து போகிறது.

ஓட்டம் ஸ்டேட்டன் தீவிலிருந்து புரூக்ளினுக்குக் கடக்கும் வெரசானோ பாலம் 1964இல் வாகனங்களுக்காகவே திறக்கப்பட்டது. அதில் நடைபாதை கிடையாது. சாதாரண நாளில் யாரும் நடந்து கடக்க முடியாத அந்தப் பாலம் மாரத்தான் அன்று கால்களுக்குத் திறக்கிறது. பிறகு குயின்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்குப் போகும் குயின்ஸ்பரோ பாலத்தின் கீழ்த்தளத்தில் பார்வையாளர்கள் இல்லை. முன்னே ஏற்றம், தலைக்குமேல் இரும்புக் கூரை, காதில் விழுவது மூச்சும் காலடிச் சத்தமும்தான். பாலம் இறங்கி மன்ஹாட்டனின் முதல் அவென்யூவுக்குத் திரும்பியதும் இருபுறமும் திரண்ட கூட்டத்தின் ஆரவாரம் எழுகிறது. பூங்காவைச் சுற்றும் பாதையில் இந்த அனுபவத்துக்கு இடமே இல்லை. 1976இல் பில் ராட்ஜர்ஸ் 2 மணி 10 நிமிடம் 10 விநாடியில் வென்றார். அதே நாளில் டிக் டிராம் செயற்கைக் காலுடன் முழுத் தூரத்தையும் முடித்தார். செயற்கைக் காலுடன் மாரத்தான் முடித்த முதல் மனிதர் அவர். தெருவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே வேகக்காரருக்கும் அவருக்கும் ஒரே சாலையில் இடம் இருந்தது.

பாதை மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. 1972இல், ஆண்களோடு சேர்ந்து புறப்படக் கூடாது என்ற விதியை எதிர்த்து ஆறு பெண்கள் புறப்படும் கோட்டிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து, ஆண்களோடுதான் எழுந்து ஓடினார்கள். பூங்காவில் நடந்த அந்த மறுப்புதான் பெண்களுக்குக் கோட்டைத் திறந்தது. விதி மாறாமல் பாதை மாறியிருந்தால் பாதி நகரம்தான் ஓடியிருக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஐந்து பகுதிகள் என்கிறார்களே, பங்கு சமமா? ஸ்டேட்டன் தீவுக்குக் கிடைத்தது புறப்படும் இடம் மட்டும். பிராங்ஸுக்குக் கிடைத்தது சுமார் ஒரு மைல். இந்தக் குறையை மறுக்க முடியாது. 2012இல் சாண்டி புயல் தாக்கியபோது அது வெளிப்பட்டது. ஸ்டேட்டன் தீவில் மக்கள் உயிரையும் வீட்டையும் இழந்து தவித்த வேளையில், அங்கிருந்தே ஓட்டம் புறப்படும் என்று நகராட்சி முதலில் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்து, இரண்டு நாள் முன்னதாக மேயர் புளூம்பெர்க் அதை ரத்து செய்தார். தாமதமான முடிவு, ஆனால் சரியான முடிவு. ஊரின் சாலையைக் கேட்டு வாங்கிய ஓட்டம் ஊரின் துயரத்துக்கும் கட்டுப்பட்டதுதான். பாதைக்கு உள்ள அதிகாரத்தை அந்த ரத்தும் உறுதிசெய்கிறது: பூங்காவுக்குள் சுற்றும் ஒரு பந்தயத்தின்மீது ஸ்டேட்டன் தீவுவாசிக்கு எதிர்த்துக் கேட்கும் அந்த உரிமை இருந்திருக்காது.

ஆகவே எந்த ஊரிலாவது மாரத்தான் நடத்த நினைப்பவர்கள் பரிசுத்தொகையைப் பேசுவதற்கு முன் வரைபடத்தை விரிக்க வேண்டும். எந்தத் தெருக்கள் உள்ளே, எந்தத் தெருக்கள் வெளியே என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு நகரத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் ஓட்டம் அந்த நகரத்தின் எல்லா மக்களிடமும் போய்ச் சேரக் கடமைப்பட்டது.