நொடி

நொடித்தல் என்றால் விரலைச் சொடுக்குதல். கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் தொல்காப்பியம் ஒரு மாத்திரை என்றது. 'அ' என்னும் குறிலை ஒலிக்க அவ்வளவு நேரம். எழுத்தை அளக்க வந்த சொல் இன்று செகண்டுக்கு நிற்கிறது. பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் "ஒரு செக்கன் பொறுங்கோ அண்ணை" என்பார். இலங்கைப் பாடநூல் வழக்கும் செக்கன்தான். எனக்கு நொடியே பிடிக்கும். அதில் விரலின் ஓசை இருக்கிறது.

1967இல் பாரிஸில் கூடிய எடை, அளவைப் பொது மாநாடு நொடியை அணுவிடம் ஒப்படைத்தது: சீசியம்-133இன் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள். பிரான்சின் நேரத்தை இன்று பாரிஸ் வானாய்வகத்தின் அணுக் கடிகாரங்கள் காக்கின்றன.

அந்த நேரத்தைக் கணினி வலை வழியே அனுப்பும்போதுதான் சிக்கல். கடிகாரத் துடிப்பு இம்மியளவு முந்தும், பிந்தும். இதுதான் ஜிட்டர், நடுக்கம் என்றால் பொருத்தமாகவே இருக்கும். வெளிவெப்பம் மாறும்போது கடிகாரத்தின் வேகம் விலகாதிருக்கக் குவார்ட்ஸ் படிகத்தைச் சிறு வெப்பக்கூட்டுக்குள் ஒரே சூட்டில் வைக்கிறார்கள். நேரத்தைச் சுமந்த செய்தி வலைவழி வந்துசேர்ந்த கணத்தை மென்பொருள் குறித்தால் தாமதம் கூடிக் குறையும். அதனால் செய்தி வந்த கணத்திலேயே கணினியின் வலையட்டை நேர முத்திரை குத்துகிறது. இப்படிச் செய்தால் இரு கடிகாரங்களின் வேறுபாடு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.