அம்மாவின் மணைக்கட்டையும் ஒரு ஜெர்மன் அடுப்படியும்

ரொம்ப நாளா எழுதாம இருந்ததுக்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல :-) வீட்டுல அடுப்படியை இடிச்சுப் போட்டிருந்தோம். மூணு மாசம் கூடத்துல ஒத்தை அடுப்பு, சிமெண்ட் தூசியோட சாம்பார். எல்லாம் முடிஞ்சு செலவுக் கணக்கு நோட்டைப் புரட்டினா, அதுக்குள்ள ஒரு சரித்திரமே கிடக்கு. அதுதான் இன்னிக்கு மேட்டர். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு கும்பகோணம் பக்கம், கொள்ளுத்தாத்தா 1934-ல கட்டினது. செங்கல், சுண்ணாம்புக் காரை, முற்றம், நாட்டு ஓடு. கொத்தனார் அடுப்படிச் சுவரைக் கொத்த ஆரம்பிச்சதும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வெளியே வந்துச்சு. முதல்ல 1990-கள்ல ஒட்டின வெள்ளை டைல்ஸ். அதைப் பேர்த்தா 1978-ல கட்டின மேடை, கடப்பாக் கல்லோட. அதையும் உடைச்சா கரி ஏறிப்போன சுண்ணாம்புச் சுவர், தரையில விறகடுப்பு இருந்த தடம், மேலே புகை போறதுக்கு விட்ட ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வழியாப் போன புகையை விட பாட்டி நெஞ்சுக்குள்ள போன புகைதான் அதிகமா இருக்கும். கடைசி வரைக்கும் இருமிக்கிட்டேதான் இருந்தாங்க.

1978-ல மேடை ஏன் வந்துச்சு? கேஸ் வந்துச்சு, அதனால. இண்டேன் முதல் இணைப்பு கொடுத்தது 1965-ல, கல்கத்தாவுல. எங்க ஊருக்கு அது வந்து, பேர் பதிஞ்சு, வருஷக்கணக்கா காத்திருந்து, கடைசியில சிலிண்டர் வீட்டுக்குள்ள நுழைஞ்சது 1978-ல. சமையல் கேஸ் காத்தை விட கனமானது. கசிஞ்சா கீழே இறங்கித் தேங்கும். அதனால அடுப்பு சிலிண்டரை விட உயரத்துல இருக்கணும்னு சொல்லுவாங்க. தரையில உட்கார்ந்து சமைச்ச வீட்டுக்கு அப்படித்தான் மேடை வந்துச்சு. பாட்டி உட்கார்ந்து சமைச்சாங்க, அம்மா நின்னு சமைக்க ஆரம்பிச்சாங்க. புகை போச்சு, பெரிய விடுதலைதான். சந்தேகமே இல்ல.

இடிக்கிற அன்னிக்கு சித்தாள் அம்மா மேடைக்குக் கீழே கிடந்த மணையைக் காட்டி, "இது விறகுக்குத்தானே சார்?"ன்னு கேட்டாங்க. எடுத்துப் பார்த்தேன். நடுவுல ரெண்டு பாதம் அளவுக்குத் தேஞ்சு குழியாகியிருந்துச்சு. பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், ஈரத்தரையில கால் படாம இருக்கத்தான் அதுன்னு நெனச்சிருந்தேன்.

அன்னிக்கு சாயந்தரம் மாடுலர் கிச்சன்காரங்க கொடுத்த வரைபடத்தை விரிச்சு வெச்சு பில்டப் கொடுத்துக்கிட்டிருந்தேன். மேடை உயரம் 34 இஞ்ச்னு போட்டிருந்துச்சு. தங்கமணிதான் கேட்டாங்க, "அத்தைக்கு இது எட்டுமா?"ன்னு. பழைய மேடையோட அளவும் அதே 34 தான்னு பெருமையா சொன்னேன். அம்மா வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "அந்த மேடை கட்டுன கொத்தனார் நல்ல ஒசரம். தன் இடுப்புல கையை வெச்சுக் காட்டி, இவ்வளவு போதுமான்னு உங்க தாத்தாவைக் கேட்டாரு. அவுக போதும்னுட்டாக."

"நீ சொல்லியிருக்கலாமேம்மா?"

"என்னை யாருடா கேட்டா?"

அம்மா நாலடி பத்து அங்குலம். நாப்பது வருஷத்துக்கும் மேல அந்த மணை மேல ஏறி நின்னு எங்களுக்கு சோறு போட்டிருக்காங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த மேடை, அளவெடுத்து அடிச்ச அலமாரின்னு ஒரு அடுப்படி முதல்ல எங்கே உருவாச்சுன்னு தேட ஆரம்பிச்சு, ஜெர்மனியில போய் நின்னேன்.

1926. ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துல வீட்டுத் தட்டுப்பாடு. எர்ன்ஸ்ட் மே தலைமையில ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் கட்டறாங்க. அதுக்கான அடுப்படியை வடிவமைச்சவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 29 வயசு ஆஸ்திரியப் பெண். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயில்ல சாப்பாட்டுப் பெட்டியில இருக்கற குட்டிச் சமையலறையைப் பார்த்துக் கத்துக்கிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம், எத்தனை அடி நடைன்னு கணக்குப் போட்டாங்க. மாவு வைக்க ஓக் மரப் பெட்டி, புழு அண்டாதுன்னு. அரிசி, சர்க்கரைக்குப் பேர் பொறிச்ச அலுமினியப் பெட்டிகள். நம்ம அஞ்சறைப்பெட்டிக்கு ஜெர்மன் ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கோங்க.

பட்ஜெட் விஷயம்தான் அசத்தல். சாமானோட சேர்த்து ஒரு அடுப்படிக்கு சில நூறு மார்க் ஆச்சு. அதைக் குடியிருக்கறவங்ககிட்ட மொத்தமா கேக்கல, மாச வாடகையில சேர்த்துட்டாங்க. மாசம் ஒரு மார்க் அளவுக்கு வாடகை கூடுச்சாம். கிட்டத்தட்ட 10,000 அடுப்படிகள் இப்படிக் கட்டினாங்க.

இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணியும் குறை வந்துச்சு. ஒருத்தருக்கு மேல உள்ளே நிக்க முடியல. புள்ளைங்களைப் பாத்துக்கிட்டே சமைக்க முடியல. பேர் பொறிச்ச பெட்டியில வேற பொருளைப் போட்டுக் குழம்பினாங்க. அதை வடிவமைச்ச காலம் வரைக்கும் அவங்க வீட்டுல சமையல் பண்ணினதே இல்லைன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. இதுக்காக அவங்களைக் குறைச்சு மதிப்பிட்டுடாதீங்க. நாஜிகளை எதிர்த்து 1941-ல கைதாகி, 1945 வரைக்கும் சிறையில இருந்த மனுஷி. 2000-ல, 103 வயசு நிறைய அஞ்சு நாள் இருக்கும்போது காலமானாங்க. நல்ல மனசு, நல்ல மூளை, நல்ல கணக்கு எல்லாம் இருந்துச்சு. அங்கே நின்னு வேலை செய்யப்போறவங்களைக் கேக்கறதுதான் குறைஞ்சு போச்சு.

1960-கள், 70-கள்ல வீட்டைப் புதுப்பிச்சப்போ ஜனங்க பெரும்பாலான ஃப்ராங்க்ஃபர்ட் அடுப்படிகளைப் பேர்த்துத் தூக்கிப் போட்டுட்டாங்க. பல வீட்டுல மிஞ்சினது அந்த அலுமினியப் பெட்டிங்க மட்டும்தான். இப்போ நியூயார்க் அருங்காட்சியகத்துல ஒரு அடுப்படி பத்திரமா இருக்கு!

மறுநாள் காலையில டேப்பை எடுத்தேன். அம்மாவை வெறும் தரையில நிக்க வெச்சு, முழங்கை உயரம் பாத்தேன். 36 இஞ்ச். அதுலேர்ந்து ஆறு இஞ்ச் குறைச்சு, காய் நறுக்கற மேடை 30. அடுப்போட உயரமே நாலு இஞ்ச் வருது, அதுக்கு மேல பாத்திரம் வேற. அதனால அடுப்பு வைக்கிற இடம் மட்டும் 27. சிலிண்டர் அதுக்கடியில நிக்காது, கொல்லைப்பக்கம் வெளியே வெச்சு பைப் இழுத்தோம். தங்கமணி அம்மாவை விட அஞ்சு இஞ்ச் உயரம். அவங்களுக்கு ஜன்னலோரமா தனியா 33-ல ஒரு மேடை. மாடுலர்காரங்க முகம் சுளிச்சாங்க. அலமாரிக்கு மட்டும் 3,10,000 கேட்டிருந்தாங்க, கும்பிடு போட்டு அனுப்பிட்டு உள்ளூர் ஆசாரியைப் பிடிச்சோம்.

பழைய வீட்டை இடிக்கப் போறவங்களுக்காக கணக்கையும் சொல்லிடறேன். போட்ட பட்ஜெட் 3,70,000. எதிர்பாராததுக்குன்னு 20 சதவீதம், அதாவது 74,000 தனியா எடுத்து வெச்சேன். இடிப்பு, குப்பை அள்ளினது 24,000. தண்ணி, கழிவுநீர் பைப் 58,000. வயரிங் 46,000. சுவர்ப்பூச்சு, தரை 84,000. கிரானைட், சிங்க் 62,000. அலமாரி 1,30,000. சிம்னி, கேஸ் பைப் 32,000. மொத்தம் 4,36,000. பைப்புக்கு நான் போட்டிருந்தது 25,000 தான். தரையைத் தோண்டினா பழைய மண்குழாய் வெடிச்சுக் கிடந்துச்சு, ஆப்பு! சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூச வேணாம்னு நான் பிடிவாதமா நின்னேன். ஈரம் வெளியே போக வழியில்லாம உப்புப் பூத்துக் கொட்டும். மறுபடி சுண்ணாம்பே பூசினோம். பாதிப் பணம் அலமாரிக்கு முன்னாடியே போயிடும், இதை முதல்லயே மனசுல போட்டுக்கோங்க.

நோட்டுல முதல் வரியா நான் எழுதியிருக்க வேண்டிய செலவு ஒண்ணு உண்டு: "அம்மாவை அளக்க - ரூ. 0". அது 1978 கணக்குலயும் இல்ல.

பால் காய்ச்சின அன்னிக்கு அம்மா மேடை முன்னாடி வந்து நின்னு, பழக்கத்துல வலது காலைத் தூக்கினாங்க. கீழே மணை இல்ல. ஒரு நிமிஷம் தரையைப் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே அடுப்பைப் பத்த வெச்சாங்க.

மணையை விறகாக்கல. கொல்லை வாசல்ல கிடக்கு, இப்போ அம்மா அதுல உட்கார்ந்துதான் கீரை ஆயறாங்க.

உங்க வீட்டு மேடை எத்தனை இஞ்ச்? அளந்துட்டு வந்து சொல்லுங்க. முக்கியமா, அது யாரோட இடுப்புக்கு அளவெடுத்ததுன்னும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.