சீதனமும் ஜீவனாம்சமும்

"நகையோட சேர்த்து 15 லட்சம், பேசி முடிச்சிடலாம்." விவாகரத்துப் பேச்சுகளில் இப்படியொரு வாக்கியம் எப்படியும் வந்துவிடும். தாராளமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த நகை மனைவியின் சீதனம். அதன் மதிப்பு 12 லட்சம் என்றால், கணவன் தரப்பு உண்மையில் தர முன்வந்திருப்பது 3 லட்சம் மட்டுமே. மற்றது அவருடைய பொருள் அவருக்கே திரும்புவது. சீதனத்தையும் ஜீவனாம்சத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்தக் கலப்படமே போதிய காரணம்.

சீதனம் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது. ஜீவனாம்சம் இனி வரப்போகும் நாட்களைப் பற்றியது. முன்னதில் மனைவி உரிமையாளர், பின்னதில் மனுதாரர். சீதனம் மனைவியின் முழுச் சொத்து என்றும், கணவனிடம் அது ஒப்படைக்கப்பட்ட பொருளே என்றும், தர மறுத்தால் நம்பிக்கை மோசடி வழக்கே தொடுக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. ஜீவனாம்சத்துக்கோ அத்தகைய நிலைத்த உருவம் கிடையாது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் வழக்கு நடக்கும்போது கேட்பதற்கு 24ஆம் பிரிவு, நிரந்தரமாகக் கேட்பதற்கு 25ஆம் பிரிவு. இரண்டின் கீழும் கணவனும் கேட்கலாம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

ஆகவே ஒன்றைத் தொடாத கேள்விகள் மற்றொன்றை உலுக்குகின்றன. மனைவி வேலைக்குப் போகிறாரா, கணவனின் சம்பளம் எவ்வளவு, பிரிவுக்கு யார் காரணம் ஆகியவை ஜீவனாம்சத் தொகையை ஏற்றும், இறக்கும். சீதனத்தை அவை அசைப்பதில்லை. மனைவி மறுமணம் செய்துகொண்டால் மாதத் தொகையை நீதிமன்றம் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். வளையலும் சங்கிலியும் அவருடையனவாகவே இருக்கும்.

இதுவரை பார்த்தால் சீதனமே உறுதியானது, ஜீவனாம்சம் நிலையற்றது என்று முடிவுகட்டத் தோன்றும். கையெழுத்து என்று வரும்போது இது தலைகீழாகிறது. தன் பொருளைத் தானே விட்டுக்கொடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. எனவே "நகை அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டபின் மீள்வது கடினம். மாறாக, ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை ஒப்பந்தத்தால் அடியோடு துறப்பது பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கூறியுள்ளன. சொந்தமானது ஒரு வரியில் பறிபோகலாம். கேட்டுப் பெறவேண்டியதைச் சட்டம் அவ்வளவு எளிதில் பறிகொடுக்க விடுவதில்லை.

இனி இரண்டுக்கும் உள்ள எதிர்பாராத உறவு. இரண்டுமே மறைக்கப்படுபவை. நகை மாமியாரின் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ இருக்கும். வருமானம் தம்பி பெயரில் நடக்கும் கடையில் இருக்கும். இரண்டுக்கும் சட்டம் சொல்லும் மருந்தும் ஒன்றே: பட்டியல். மணமக்களுக்கு வந்த பரிசுகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இருவரும் தம் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஜீவனாம்சத்தை மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடவும் அதே தீர்ப்பு வழிவகுத்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் 101 ரூபாய் மொய்க்கும் நோட்டில் வரி உண்டு. மணப்பெண் கழுத்தில் போட்ட பவுனுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டும் இராது. ஆல்பமும் வீடியோவும் நகைக்கடை ரசீதும்தான் பிறகு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் கைவிட வேண்டியதில்லை. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பாதுகாப்புக்கென்று கணவன் வாங்கிய 89 பவுன் திரும்பவில்லை. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை என்று கருதிய உச்ச நீதிமன்றம், 2024இல் மனைவிக்கு 25 லட்சம் வழங்க உத்தரவிட்டது.

காலம் மட்டும் இரண்டையும் வெவ்வேறாக நடத்துகிறது. தங்கம் விலை ஏறும். மாதத் தொகையின் வாங்கும் சக்தி தேயும். சூழ்நிலை மாறினால் மாதத் தொகையை உயர்த்தக் கோரலாம். ஒரே தவணையாக வாங்கியதை மீண்டும் திறப்பது அரிது. நகைக்கு ஈடாகப் பணம் தருவதாகச் சொல்லும் தரப்பு கல்யாண நாளின் விலையை நீட்டுவது வழக்கம். இன்றைய விலையைக் கேட்பதில் பேராசை எதுவும் இல்லை. அதே எடையுள்ள நகையை இன்று கடையில் வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனவே பரஸ்பர சம்மத மனுவில் சீதனத்துக்கு ஒரு பத்தி, ஜீவனாம்சத்துக்கு வேறொரு பத்தி இருப்பது நல்லது. நகைகள் எடையோடு, ஒவ்வொன்றாக, பணம் தேதியோடு. முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் பொதுவாக ஆறு மாதம் உண்டு. 2017 முதல் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். நகையை நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொள்வதற்கு அந்த இடைவெளியே தக்க சமயம். "பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் கையெழுத்து அதற்குப் பிறகு.