தோலும் ஆறும் தொழிலாளியும்

தோல் பதனிடுதலை அரபு மொழியில் 'திபாகத்' என்பர். பதனிட்ட தோல் தூய்மையடையும் என்னும் சட்டம் ஃபிக்ஹு நூல்களில் தஹாரத் பாடத்திலேயே இடம்பெற்றிருப்பதை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். பாலாற்றங்கரை ஊராகிய வாணியம்பாடியின் செல்வமும் கல்வியும் இத்தொழிலோடு வளர்ந்தவை. 1919இல் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியின் வளர்ச்சியில் தோல் வணிகர்களின் கொடைக்குப் பெரும் பங்குண்டு. இத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் வணிகரையும் ஏற்றுமதியையும் எழுதுவர். தொட்டியில் இறங்கி நின்ற தொழிலாளியின் இல்லத்தில் அரசாணைகள் விளைத்த மாற்றத்தை எழுதுவோர் அரியர். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

முற்காலத்தில் பச்சைத்தோல்களைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம் பட்டை முதலியவற்றின் சாற்றில் வாரக்கணக்கில் பதனிடுவர். இவ்வாறு பாதியளவு பக்குவம் பெற்ற தோல், 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரால் சென்னைப் பெரியமேடு வழியாக லண்டன் சந்தையை அடைந்தது. தொட்டியும், பட்டையும், கைத்திறனும் இருந்தால் சிறிய முதலீட்டிலும் இத்தொழிலை நடத்த இயன்றது.

சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, 1973இல் மத்திய அரசு புதிய கொள்கையை வகுத்தது. பச்சைத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணிகளையும் அனுப்பினால் நாட்டுக்கு வருவாயும் வேலைவாய்ப்பும் பெருகும் என்பது அரசின் கருத்து. அக்கருத்தில் பிழையில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாக மாத ஊதியம் கண்டனர்.

ஆயினும் முழுப் பதனீட்டிற்கு இயந்திரமும் இரசாயனமும் பெருமுதலும் வேண்டும். அவை இல்லாத சிறு முதலாளிகள் பலர், பெரிய நிறுவனங்களின் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்போராயினர். வேலை வந்தால் உண்டு, வாராவிடில் இல்லை என்னும் நிலை அவர்களிடமிருந்து நாட்கூலித் தொழிலாளிக்கு இறங்கியது. காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையோ வீடுகளுக்குச் சென்றது. இணைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அப்பெண்களுக்கு வருங்கால வைப்புநிதியும் இல்லை, ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் இல்லை.

மற்றொரு விளைவு ஆற்றில் தெரிந்தது. பட்டைச் சாற்றின் இடத்தைக் குரோம் உப்பு பிடித்தது. வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. உற்பத்தியும் கழிவுநீரும் பெருகின. தோலைத் தூய்மையாக்கும் தொழில் நீரைத் தூய்மை கெடச் செய்தது. கிணறுகள் உவர்த்தன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக உச்சநீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. உழவரும் ஏழைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி செய்யாவிடில் மூடல். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தோர் பிழைத்தனர். சேர இயலாதோர் கதவடைத்தனர். பின்னர் 2001இல், வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் ஈடு என்றும், அதனை 547 தொழிற்கூடங்கள் செலுத்த வேண்டும் என்றும் முடிவாயிற்று.

இவையெல்லாம் நீதியே. எனினும் மூடப்பட்ட கூடத்தின் தொழிலாளிக்கு யார் ஊதியம் தருவது? அத்தீர்ப்பின் கட்டளைகளில் இதற்கு விடையில்லை. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று, கல்கத்தாத் தோல் தொழிற்கூடங்களை இடம் மாற்றும் வழக்கில், அதே நீதிபதியின் தலைமையில் மற்றொரு தீர்ப்பு வந்தது. புதிய இடத்தில் பணித் தொடர்ச்சி, இடைப்பட்ட காலத்துக்கு முழு ஊதியம், உடன் செல்வோர்க்கு ஓராண்டு ஊதியம் என அதில் தெளிவாக விதிக்கப்பட்டது. ஆற்றையும் தொழிலாளியையும் ஒருங்கே காக்கும் வழி அறியப்படாததன்று. பாலாற்றுக் கரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றை ஆராய்ந்து, எஞ்சிய ஈட்டுத் தொகையை வழங்கவும், ஆற்றைச் சீரமைக்கும் பணிக்குக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. ஏறக்குறைய முப்பதாண்டுகள் கடந்தும் உழவரின் கணக்கு முடியவில்லை; தொழிலாளியின் கணக்கோ இன்னும் தொடங்கவேயில்லை. நன்னோக்கமுள்ள கொள்கையும், அதன் சுமை யார் தோளில் இறங்கும் என்று முன்னரே எண்ணாதபோது, எளியோரின் அடுப்பிலேயே தன் விலையை வசூலிக்கிறது. அக்கணக்கை எழுதும் கடமை அரசுக்கு மட்டுமன்று. அத்தொழிலால் பள்ளியும் கல்லூரியும் கண்ட நம் சமுதாயத்துக்கும் உண்டு.